‘வீட்ல நல்லா பார்த்துக்கோங்க’: மனநல சிகிச்சையில் குடும்பத்துக்கு என்ன வேலை?

மனநலம் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: “குடும்பம் பக்கபலமா இருந்தா போதும், எல்லாம் சரியாயிடும்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனச்சிதைவோ (ஸ்கிசோஃப்ரினியா: இல்லாத குரல் கேட்பது, சந்தேகம் போன்றவை வரும் நோய்) கடும் மனச்சோர்வோ வந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். “சரி, பக்கபலமா இருக்கறதுன்னா காலையில எழுந்ததும் நான் என்ன செய்யணும்?” என்று கேட்பார். வாக்கியத்தைச் சொன்னவரிடம் பதில் இருக்காது.

இதற்கு நேர் எதிராக, “வளர்ப்பு சரியில்லை, அதான் இப்படி” என்று வீட்டார் தலையிலேயே பழியைப் போடுகிறவர்கள் உண்டு. குடும்பம் என்றால் படிவத்தில் கையெழுத்துப் போடவும் மாத்திரை வாங்கவும் ஓர் ஆள் என்று நினைக்கும் மருத்துவமனைகளும் உண்டு.

குடும்பத்தையும் சுற்றத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது என்று மனநலத் துறையில் சொல்வது இவற்றில் எதுவும் இல்லை. பாசம் எவ்வளவு என்று அளக்கும் விஷயமே இல்லை அது. யார் எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது, யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்று சிகிச்சை பெறுபவரையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்வதுதான் அது. பாசம் கொட்டிக் கிடந்தும் இந்த ஏற்பாடு இல்லாததால் திணறும் வீடுகள் நிறைய.

பீரோவை மாடிக்கு ஏற்றுவது

ஒரு கனமான பீரோவை மாடிக்கு ஏற்ற வேண்டும். அதன் சொந்தக்காரர் ஒருவரே முதுகில் சுமந்தால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவார். சரி, நாலு பேர் உதவிக்கு வருகிறார்கள். ஒருவர் கையே வைக்காமல் “இப்படியா பிடிப்பாங்க?” என்று கீழே நின்று கத்துகிறார். இன்னொருவர் “நீ விடு, நானே பார்த்துக்கறேன்” என்று சொந்தக்காரரின் கையை விலக்கிவிட்டு முழுப் பாரத்தையும் தன் மேல் சாய்த்துக்கொள்கிறார். மூன்றாமவர் மேலே இழுக்க, நாலாமவர் பக்கவாட்டில் தள்ளுகிறார். நாலு பேருக்கும் நல்ல எண்ணம்தான். பீரோ மட்டும் சுவரில் மோதுகிறது.

தேவை இன்னும் பத்து ஆள் இல்லை. படி எங்கே திரும்புகிறது என்று தெரிந்த ஒருவர், யார் எந்த மூலையைப் பிடிப்பது என்ற பேச்சு, மூச்சு வாங்கினால் இறக்கி வைக்க ஓர் இடம். பீரோ எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர் அதன் சொந்தக்காரர்.

கீழே நின்று கத்துவது, கையை விலக்கிவிட்டுத் தானே சுமப்பது: இந்த இரண்டுக்கும் மனநல ஆராய்ச்சியில் பெயர் இருக்கிறது. அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

லண்டனில் கிடைத்த விசித்திரமான முடிவு

1950களில் மனநல மருத்துவமனைகளில் வருடக்கணக்காக அடைந்து கிடந்தவர்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் யார் நன்றாக இருக்கிறார்கள், யார் திரும்பி வருகிறார்கள் என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் உடன் இருந்தவர்களும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள்தான் நன்றாக இருப்பார்கள் என்று எவரும் நினைப்போம். 1958-ல் வெளியான முடிவு வேறு மாதிரி இருந்தது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கியவர்கள், பெற்றோரிடமும் மனைவியிடமும் போனவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

நெருக்கம் கூடினால் நன்மையும் கூடும் என்ற கணக்கு இங்கே உடைந்தது. வீட்டில் என்னதான் நடக்கிறது என்று பார்க்க, நோயாளியின் உறவினரைத் தனியாக உட்கார வைத்து நிதானமாகப் பேசவிடும் ஒரு நேர்காணல் முறையைப் பிரவுனும் மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரும் உருவாக்கினார்கள். உறவினர் என்ன சொன்னார் என்பதோடு எந்தக் குரலில் சொன்னார் என்பதையும் குறித்துக்கொண்டார்கள். அங்கிருந்து பிறந்த கருத்துதான் ‘வெளிப்படும் உணர்ச்சி’.

வெளிப்படும் உணர்ச்சி என்றால்

பெயரைக் கேட்டதும் அழுவது, கட்டிப்பிடிப்பது என்று நினைத்துவிடாதீர்கள். பலரும் இதைத் தப்பாகப் புரிந்துகொள்ள அந்தப் பெயரே காரணம். பாதிக்கப்பட்டவரைப் பற்றி வீட்டார் பேசும்போது மூன்று விஷயங்கள் எவ்வளவு தெரிகின்றன என்பதன் அளவு இது. ஒன்று குறை சொல்வது. அடுத்தது பகை, அதாவது ஒரு செயலை விட்டுவிட்டு ஆளையே வெறுப்பது. மூன்றாவது அளவு மீறிய ஈடுபாடு: அவருக்காகத் தன் வாழ்க்கையையே நிறுத்திவிடுவது, அவரால் முடிந்ததையும் தானே செய்வது, அவர் ஒரு பெருமூச்சு விட்டாலும் பதறுவது. அதே நேர்காணலில் பாசத்தையும் பாராட்டையும் தனியாகக் குறிப்பார்கள். அவை இந்த அளவைக் கூட்டுவதில்லை.

1976-ல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் என்ற இரு ஆய்வாளர்கள் லண்டனில் இந்த அளவை வைத்துச் சோதித்தார்கள். அது அதிகமாக இருந்த வீடுகளுக்குப் போனவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று தெரிந்தது. மருத்துவர்கள் ரிலாப்ஸ் என்று சொல்வது இதைத்தான். அந்த வீடுகளில் உறவினரை வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 1998-ல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பும் இதையே சொன்னது. மனச்சிதைவு மட்டுமில்லை, மனச்சோர்வு, உணவுக் கோளாறுகள் போன்றவற்றில் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: எத்தனை பேர் கூட இருக்கிறார்கள் என்பதைவிட வீட்டின் சூடு, அதாவது இந்த வெளிப்படும் உணர்ச்சி, எவ்வளவு என்பது முக்கியம். திட்டித் தீர்ப்பது போலவே, தாங்கித் தாங்கி மூச்சு முட்ட வைப்பதும் சூடுதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

நோய் வரக்கூடிய தன்மை ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவு. பரம்பரை, மூளையின் வளர்ச்சி, சின்ன வயதுத் துன்பங்கள் என்று பல சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அதன் மேல் அழுத்தம் ஏறி ஒரு வரம்பைத் தாண்டும்போது அறிகுறிகள் வெளியே வருகின்றன. 1977-ல் ஜோசப் ஸுபின், போனி ஸ்பிரிங் என்ற இரு உளவியலாளர்கள் முன்வைத்த இந்த விளக்கத்துக்கு ‘பலவீனம்–அழுத்தம் மாதிரி’ என்று பெயர். மாத்திரை அந்த வரம்பை உயர்த்துகிறது, வீட்டின் சூடு தணிந்தால் அழுத்தம் குறைகிறது என்று புரிந்துகொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது இல்லை.

வீட்டின் சூடு நிஜமாகவே உடம்பில் ஏறுகிறதா? 1970களின் கடைசியில் சில ஆய்வாளர்கள் நோயாளிகளின் வீட்டுக்கே கருவியோடு போனார்கள். பதற்றம் கூடினால் தோலின் மின் கடத்தும் தன்மை மாறும். கருவி அளந்தது அதைத்தான். ஆய்வாளரோடு உட்கார்ந்திருக்கும்போது நோயாளி பதற்றமாகத்தான் இருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து உறவினர் அறைக்குள் வருகிறார். சூடு குறைந்த உறவினர் வந்தால் பதற்றம் மெல்ல இறங்குகிறது. சூடு அதிகமான உறவினர் வந்தால் இறங்கவே இல்லை. எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது இதன் மறுபக்கம்தான். ஒருவர் சும்மா பக்கத்தில் வந்து உட்கார்வதே மருந்து போல வேலை செய்திருக்கிறது.

அப்படியானால் குற்றம் குடும்பத்தின் மேலா?

இல்லை. இந்த இடத்தில்தான் பேச்சு வழி தவறும், எனவே கொஞ்சம் நிற்போம்.

1948-ல் ஃப்ரீடா ஃபிரோம்-ரெய்க்மன் என்ற உளப்பகுப்பாய்வாளர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு கருத்தைச் சொன்னார். அது காட்டுத்தீயாகப் பரவியது. ஏற்கெனவே உடைந்துபோயிருந்த அம்மாக்கள் எத்தனையோ பேர் மருத்துவர் முன் குற்றவாளியாக நிற்க வேண்டி வந்தது. அதற்கு ஆதாரம் கடைசிவரை கிடைக்கவில்லை. வெளிப்படும் உணர்ச்சி பற்றிய ஆய்வுகள் கேட்டது வேறு கேள்வி. நோய் எதனால் வந்தது என்று அவை கேட்கவில்லை. வந்தபின் திரும்பாமல் இருக்க எது உதவுகிறது என்றுதான் கேட்டன.

சூடு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதும் இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் நடந்துகொண்டிருக்கும் ஒருவரோடு பல மாதம் இருந்தால் யாருடைய குரலும் உயரும். குரல் உயர்ந்தால் அவருடைய நோய் கூடும், நோய் கூடினால் குரல் இன்னும் உயரும். இந்தச் சுழற்சியை எங்கே வெட்டலாம் என்று பார்ப்பதுதான் சிகிச்சையின் வேலை. யார் தொடங்கிவைத்தது என்ற விசாரணையால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் கூட்டாளியாகப் பார்த்த மருத்துவர்களும் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். அம்ரித்சர் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் 1950களிலேயே நோயாளிகளின் உறவினரை வளாகத்தில் கூடாரம் போட்டுக் கூடவே தங்க வைத்தார்.

உளக்கல்வி: உண்மையில் அங்கே என்ன நடக்கும்?

நோயைப் பற்றிக் குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்து, பேசும் விதத்தையும் சிக்கலை அணுகும் விதத்தையும் பழக்கிவிடுவதற்குக் குடும்ப உளக்கல்வி என்று பெயர். ஒரு நாள் சொற்பொழிவில் முடிகிற காரியம் இல்லை. மனச்சிதைவுக்கான பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 3 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் குறைந்தது 10 அமர்வுகள் வேண்டும் என்கிறது; முடிந்தால் சிகிச்சை பெறுபவரும் கூட இருக்க வேண்டும். இப்படிச் செய்த இடங்களில் நோய் திரும்புவது குறைகிறது என்று பல ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். இருபத்து நான்கு வயதுப் பையன், மனச்சிதைவு. காதில் கேட்ட குரல்கள் மாத்திரையில் அடங்கிவிட்டன. ஆனால் பதினோரு மணிக்குத்தான் எழுந்திருக்கிறான், குளிப்பதில்லை, கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில். அப்பா சொல்கிறார்: “நோய்தான் சரியாயிடுச்சே, இது சுத்த சோம்பேறித்தனம்.”

இங்கே நடந்தது ஒரு தகவல் பிழை. மனச்சிதைவில் இல்லாத குரல் கேட்பது, சந்தேகம் போன்றவை ஒரு பாதி. ஆர்வம், சுறுசுறுப்பு, பேச்சு வற்றிப்போவது இன்னொரு பாதி. இதற்கு எதிர்மறை அறிகுறிகள் என்று பெயர். மாத்திரைகள் முதல் பாதியை அடக்குகிற அளவுக்கு இரண்டாம் பாதியில் வேலை செய்வதில்லை. சில மாத்திரைகள் தூக்கத்தையும் கூட்டும். வீட்டில் விழும் திட்டுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் பாதியின் மேல்தான் விழுகின்றன, ஏனென்றால் அது பார்ப்பதற்கு நோய் மாதிரியே இருக்காது. குரல் கேட்கிறது என்றால் ‘பாவம்’ என்கிறோம். குளிக்கவில்லை என்றால் ‘கொழுப்பு’ என்கிறோம்.

அமர்வில் சிகிச்சையாளர் அப்பாவிடம் “நீங்கள் பேசியது தப்பு” என்று சொல்லமாட்டார். பையனும் உட்கார்ந்திருக்க, “அவன் எது செஞ்சா உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க” என்பார். அப்பா கொஞ்சம் யோசித்து, “காலையில ஒன்பதரைக்காவது எழுந்து என்கூட உட்காரலாம்” என்கிறார். பையனைக் கேட்டால், பத்து மணி என்றால் முடியும், ஆனால் அறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்கிறான். பத்து மணி, ஒரே ஒரு தடவை தட்டுவது. இதை எழுதி வைத்து அடுத்த அமர்வில் என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள். சின்ன விஷயமாகத் தெரியலாம். ‘சோம்பேறி’ என்ற வார்த்தை இருந்த இடத்தில் ‘பத்து மணி’ வந்திருக்கிறது. ஆளைப் பற்றிய தீர்ப்பு போய் ஒரு வேண்டுகோள் வந்துவிட்டது.

அளவு மீறிய ஈடுபாடு இதைவிடக் கஷ்டம். குறை சொல்கிறவருக்குத் தான் குறை சொல்வது பாதியாவது தெரியும். தாங்குகிறவருக்கு அது அன்பாகத்தான் தெரியும். ஆகவே இங்கே ஒரேயடியாக நிறுத்தச் சொல்வதில்லை. மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்கும் அம்மா, அதற்குப் பதில் மகளே எடுத்துப் போடுவதைப் பார்ப்பது மட்டும், பிறகு வாரம் ஒரு தடவை டப்பாவை எண்ணுவது மட்டும் என்று படிப்படியாகக் கையை எடுக்கப் பழகுவார்.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது இரண்டு: எது நோய், எது குணம் என்று தெரிந்தாலே பாதிச் சூடு தணியும். மீதிக்குப் பயிற்சி வேண்டும், அது பேசித்தான் வரும்.

குடும்பத்துக்கு வெளியே: வலைப்பின்னல்

ஒருவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும், அவர்களுக்கு இடையே இருக்கும் தொடர்புகளும் சேர்ந்ததுதான் சமூக வலைப்பின்னல். நண்பர், பழைய சக ஊழியர், பக்கத்து வீட்டார், தினமும் வணக்கம் சொல்லும் காவலாளி எல்லாருமே இதில் உண்டு. கடும் மனநோய் வந்தவர்களின் வலைப்பின்னல் சுருங்கிவிடும். நண்பர்கள் ஒவ்வொருவராக விலக, கடைசியில் மிஞ்சுவது ரத்த உறவு மட்டும்.

சில சிகிச்சைக் குழுக்கள் இதை ஒரு தாளில் வரையச் சொல்வார்கள். நடுவில் சிகிச்சை பெறுபவரின் பெயர், சுற்றி மூன்று வட்டங்கள். இருமுனைக் கோளாறு (சில காலம் அளவு மீறிய உற்சாகம், சில காலம் கடும் சோர்வு என்று மாறி மாறி வரும் நோய்) உள்ள ஒரு பெண் வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்வட்டத்தில் அம்மா, கணவர். அடுத்ததில் நாத்தனார். வெளிவட்டத்தில் வெகுநேரம் யோசித்து, பழைய அலுவலகத் தோழி ஒருத்தி. இப்போது செவிலியர் கேட்கிறார்: “இவங்கள்ல யாருக்கு யாரைத் தெரியும்?” கோடு போட்டுப் பார்த்தால் எல்லாக் கோடும் அம்மா வழியாகவே போகிறது. அம்மா ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் இந்தப் பெண்ணுக்கு ஆளே இல்லை என்பது அந்த நிமிடம்தான் எல்லாருக்கும் உறைக்கிறது.

“அந்தத் தோழிக்கு உங்க நோயைப் பத்தித் தெரியுமா?” தெரியாது. “சொல்லலாமா?” வேண்டாம் என்கிறார். நல்ல செவிலியர் அத்தோடு விட்டுவிடுவார். ஒரு மனிதருக்கு, தான் நோயாளியாக இல்லாத ஓர் உறவாவது வேண்டும். அதையும் சிகிச்சைக்குள் இழுத்துப்போடுவது பேராசை.

வலைப்பின்னலையே சிகிச்சையின் களமாக்கிய முறைகளும் உண்டு. ஃபின்லாந்தில் மேற்கு லாப்லாந்தின் டோர்னியோ பகுதியில் 1980களில் வளர்ந்த ‘திறந்த உரையாடல்’ முறையில், நெருக்கடி என்று அழைப்பு வந்த 24 மணி நேரத்துக்குள், பாதிக்கப்பட்டவரையும் அவருக்கு வேண்டியவர்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசத் தொடங்குவார்கள். அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி முடிவெடுப்பதில்லை என்பது அங்கே விதி. டோர்னியோவில் நல்ல பலன் கிடைத்ததாக அங்குள்ளவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவை சின்ன ஆய்வுகள், குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டவையும் இல்லை. அதிசய மருந்து என்று கொண்டாடுகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

குடும்பமே இல்லாதவர்களுக்கு? ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 2006-ல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய ‘நட்பு பெஞ்ச்’ இங்கே நினைவுக்கு வரும். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்ச், அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. வருகிறவரின் சிக்கல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த படி என்ன என்று கூடவே யோசிப்பார். 2016-ல் வெளியான குலுக்கல் முறை ஆய்வில், ஆறு மாதம் கழித்து இவர்களிடம் வந்தவர்களுக்கு வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட அறிகுறிகள் குறைவாக இருந்தன. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கான ஏற்பாடு இது. மனச்சிதைவுக்கு இது மட்டும் போதாது.

ரகசியம் என்ன ஆகும்?

“அவரைப் பத்தி உங்ககிட்ட எதுவும் சொல்ல முடியாது” என்று மருத்துவர் கதவைச் சாத்திவிடுவது குடும்பங்கள் அடிக்கடி சொல்லும் புகார். “நான் சொன்னது எல்லாத்தையும் அம்மாகிட்ட சொல்லிட்டாங்க” என்பது சிகிச்சை பெறுபவர்களின் புகார். இரண்டும் நியாயம்தான்.

சிகிச்சை பெறுபவர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லாதது ரகசியக் காப்பு. அது மருத்துவரின் வாய்க்குத்தான் பூட்டு, காதுக்கு இல்லை. குடும்பம் சொல்வதை அவர் கேட்டுக்கொள்ளலாம். மனச்சிதைவு என்றால் என்ன, இந்த வகை மாத்திரையின் பக்கவிளைவு என்ன, நெருக்கடி வந்தால் எங்கே போவது என்ற பொதுவான தகவல் யாருடைய ரகசியமும் இல்லை, அதைத் தாராளமாகச் சொல்லலாம். உயிருக்கு ஆபத்து என்றால் பொதுவாக விதிவிலக்கு உண்டு. அதன் எல்லை நாட்டுக்கு நாடு மாறும்.

சம்மதம் என்பதும் ஒரே தடவை ஆம், இல்லை என்று டிக் போடுவது இல்லை. அக்காவுக்கு மாத்திரை விவரம் தெரியலாம், காதல் தோல்வி தெரிய வேண்டாம். அப்பாவுக்கு அடுத்த சந்திப்பின் தேதி மட்டும் போதும்: இப்படி ஆளுக்கு ஆள், விஷயத்துக்கு விஷயம் கேட்கலாம். பாதிப்பின் உச்சத்தில் “யாரும் வேண்டாம்” என்றவர் ஒரு மாதம் கழித்து மனம் மாறலாம். ஆகவே மறுபடி கேட்க வேண்டும், நச்சரிக்காமல்.

மறுப்புக்குக் காரணமும் இருக்கலாம். அடிக்கிற கணவர், சொத்துக்காக ‘பைத்தியம்’ பட்டம் கட்டத் துடிக்கிற உறவு, சின்ன வயதில் தவறாக நடந்துகொண்ட மாமா: இவர்களையெல்லாம் குடும்பம் என்ற பெயரில் அறைக்குள் கூப்பிடுவது சிகிச்சை இல்லை, கொடுமை. யார் குடும்பம் என்பதைச் சிகிச்சை பெறுபவர் சொல்லட்டும். தோழியாக இருக்கலாம், வீட்டு உரிமையாளராகக்கூட இருக்கலாம். இதனால்தான் முதல் சந்திப்பில் அவரிடம் கொஞ்ச நேரமாவது தனியாகப் பேச வேண்டும்.

பார்த்துக்கொள்கிறவர், அப்புறம் ஒரு தாள்

பார்த்துக்கொள்கிறவருக்கும் தூக்கம் போகும், மனச்சோர்வு வரும். அவருக்கென்று தனியாகக் கேட்க ஓர் ஆள், வாரத்தில் சில மணி நேரமாவது வேறு யாராவது பொறுப்பேற்கும் ஏற்பாடு, இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களோடு பேச ஓர் இடம், இவை மூன்றும் சிகிச்சைத் திட்டத்தின் உள்ளேயே இருக்க வேண்டியவை. வான், லெஃப் கண்ட 35 மணி நேரக் கணக்கை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கும் நேரம் இருவருக்குமே நல்லது. அதற்குக் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

மேலே சொன்னதெல்லாம் கடைசியில் ஒரு தாளில் வந்து சேரலாம். நெருக்கடித் திட்டம் என்பார்கள். நோய் திரும்பும் முன் ஒவ்வொருவருக்கும் சில முன்னறிகுறிகள் வரும். ஒருவருக்குத் தூக்கம் குறையும், ஒருவர் திடீரென்று திரைச்சீலைகளை மூடிவைப்பார், இன்னொருவர் ஒரு நாளில் முப்பது பேருக்குப் போன் போடுவார். அவருடைய அறிகுறிகள் எவை, முதலில் பார்க்கப்போவது யார், பார்த்தால் அதை எந்த வார்த்தையில் அவரிடம் சொல்ல வேண்டும், எந்தக் கட்டத்தில் மருத்துவரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிடவே கூடாது, வீட்டில் குழந்தை இருந்தால் அன்று யாரிடம் போகும் என்று அவர் வாயாலேயே சொல்லி எழுதுவது நல்லது. அவர் நன்றாக இருக்கும் ஒரு நாளில் எழுதி, சம்மதித்த ஆட்களிடமும் மருத்துவரிடமும் ஆளுக்கொரு நகல் கொடுத்து வைக்கலாம். வலைப்பின்னலில் ஆள் மாறினாலோ மாத்திரை மாறினாலோ தாளையும் மாற்றி எழுத வேண்டும்.